உணவிலுள்ள தாவரச் சேர்மங்களும் உடல் எடையும்: ஆண்டுக்கணக்கில் எடையைப் பேண ஒரு வழிகாட்டி

நடுவயதில் உடல் எடை கூடுவது பெரும்பாலும் கவனத்துக்கு வராமலேயே நடக்கிறது. அமெரிக்காவில் 1,20,877 ஆண்களையும் பெண்களையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு ஆண்டுகளுக்குள் ஒருவருக்குச் சராசரியாக ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கிலோகலோரி அடங்கியிருப்பதாகக் கொண்டு கணக்கிட்டால், அந்த ஒன்றரைக் கிலோவாக உடலில் தங்கிவிட்ட மிகுதி நாளொன்றுக்கு 8 கிலோகலோரியைத் தாண்டாது. ஒரு வாய் உணவின் அளவுகூட இல்லாத இந்த மிகுதிதான், தொடர்ந்து சேர்ந்து, இருபது ஆண்டுகளில் ஏழெட்டுக் கிலோவாகி நிற்கிறது.

இவ்வளவு மெதுவாக ஏறும் எடையைத் தடுக்க, அதே அளவு மெதுவாகவும் விடாமலும் செயல்படும் ஒரு பழக்கம் போதும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. இரண்டு மாதத்தில் பத்துக் கிலோ குறைப்பதற்கான வழி இதில் இல்லை. பழங்கள், காய்கறிகள், பருப்பு வகைகள், தேநீர் ஆகியவற்றில் உள்ள ஃபிளேவனாய்டு முதலிய தாவரச் சேர்மங்கள் நிறைந்த உணவை, ஆண்டுக்கணக்கில் கைவிடாமல் எப்படி உண்பது என்பதையே இங்கே விளக்குகிறேன்.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

2016-இல் பிரிட்டனின் புகழ்பெற்ற மருத்துவ இதழான பிஎம்ஜே, அமெரிக்காவின் செவிலியர்களும் பிற மருத்துவத் துறையினருமாக 1,24,086 பேரை 24 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த ஆய்வொன்றை வெளியிட்டது. ஃபிளேவனாய்டுகளை முன்பைவிட அதிகமாக உண்ணத் தொடங்கியவர்களுக்கு, அடுத்தடுத்த நான்காண்டுக் காலங்களில் எடை சற்றுக் குறைவாகவே கூடியது என்று அது கண்டறிந்தது. பழங்களுக்குச் சிவப்பு, ஊதா, நீல நிறங்களைத் தரும் ஆந்தோசயனின்களில்தான் இந்தத் தொடர்பு மிக வலுவாக இருந்தது. நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் ஆந்தோசயனின் கூடுதலாக உண்டவர்களுக்கு, நான்கு ஆண்டுகளில் எடை சுமார் 100 கிராம் குறைவாகக் கூடியது. வெங்காயத்திலும் தேநீரிலும் உள்ள ஃபிளேவனால்கள் என்ற இன்னொரு ஃபிளேவனாய்டு வகையை நாளொன்றுக்கு 7 மில்லிகிராம் கூட்டியவர்களுக்கு இந்த எண் சுமார் 70 கிராம்.

100 கிராம் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 10 மில்லிகிராம் என்பதும் மிகச் சிறிய அளவுதான். அரைக் கோப்பை புளூபெர்ரியில் மட்டும் 100 மில்லிகிராமுக்கு மேல் ஆந்தோசயனின் உண்டு. அதற்காக எண்ணைப் பத்தால் பெருக்கி, ஒரு கிலோ மிச்சமாகும் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. அளவு கூடக்கூடப் பயனும் அதே விகிதத்தில் கூடும் என்பதற்கு உறுதி கிடையாது.

2015-இல் 1,33,468 பேரைக் கொண்டு வெளியான இன்னொரு ஆய்வு, சேர்மங்களை விட்டுவிட்டு உணவுகளையே நேரடியாகப் பார்த்தது. நாள்தோறும் ஒரு பங்கு பழம் கூடுதலாக உண்டவர்களுக்கு நான்கு ஆண்டுகளில் சுமார் 240 கிராமும், ஒரு பங்கு காய்கறி கூடுதலாக உண்டவர்களுக்குச் சுமார் 110 கிராமும் எடை குறைவாகக் கூடின. ஆப்பிள், பேரிக்காய் வகைகளுக்கும் பெர்ரி வகைகளுக்கும் இது அரைக் கிலோ அளவுக்கு இருந்தது. மறுபுறம், மாவுச்சத்து மிகுந்த உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், பட்டாணி ஆகியவற்றைக் கூட்டியவர்களின் எடை ஏறவே செய்தது. காய்கறி என்ற பெயர் இருந்தாலே எடைக்கு நல்லது என்று எண்ணுபவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

இவை அனைத்தும் மக்களைக் கவனித்துப் பதிவு செய்த ஆய்வுகள். பழம் அதிகம் உண்பவர் நடைப்பயிற்சியும் அதிகம் செய்பவராக இருக்கக்கூடும். உடற்பயிற்சி, புகைப்பழக்கம், மற்ற உணவுகள் ஆகியவற்றை ஆய்வாளர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டு எண்களைத் திருத்தியிருந்தாலும், சேர்மம்தான் காரணம் என்று இவற்றைக் கொண்டு அறுதியிட முடியாது. நார்ச்சத்தின் பங்கைக் கழித்துப் பார்த்தபோது சில ஃபிளேவனாய்டு வகைகளின் தொடர்பு மங்கிவிட்டது. ஆந்தோசயனின்களின் தொடர்பும், புரோஆந்தோசயனிடின்கள் என்ற மற்றொரு வகையின் தொடர்பும் மங்கவில்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிகளைச் சில ஃபிளேவனாய்டுகள் ஆய்வகத்தில் மட்டுப்படுத்துகின்றன. ஃபிளேவனாய்டுகளை உள்ளடக்கிய பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்களில் நாம் உண்பவற்றின் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிரிகளால் வேறு சேர்மங்களாக மாற்றப்படுகிறது. எடைக்கும் இவற்றுக்கும் உள்ள தொடர்பின் காரணத்தை இத்தகைய வழிகளில்தான் தேடி வருகிறார்கள்.

நடைமுறைக்கு இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு ஒன்று உண்டு. சேர்மம், நார்ச்சத்து, நீர்ச்சத்து, குறைந்த கலோரி ஆகிய எல்லாம் ஒரே பழத்துக்குள் சேர்ந்தே இருக்கின்றன. எது எவ்வளவு வேலை செய்கிறது என்ற விவாதம் தொடரட்டும். முழுப் பழத்தை உண்பவருக்கு நான்குமே கிடைத்துவிடுகின்றன.

முதல் வேலை: ஒரு வாரம் எழுதி வைப்பது

எதையும் மாற்றுவதற்கு முன், ஒரு வாரம் உண்பதையும் குடிப்பதையும் அப்படியே எழுதி வையுங்கள். கலோரி கணக்கிட வேண்டாம். ஒவ்வொரு வேளைக்கும் எதிரே, நிறமுள்ள பழமோ காய்கறியோ கீரையோ பருப்போ இருந்ததா என்று ஒரு குறி மட்டும் போடுங்கள். இரண்டு வேளைகளுக்கு இடையில் வாயில் போட்டவற்றையும், சர்க்கரை கலந்த பானங்களையும் தனியாக வட்டமிடுங்கள். பெரும்பாலோர் பகலுணவில் காய்கறி போதுமான அளவு இருப்பதையும், காலையும் மாலையும் ஏறத்தாழ வெறுமையாக இருப்பதையும் காண்பார்கள். மாற்றத்துக்கு இடம் தருபவை அந்த வெற்றிடங்களும் வட்டமிட்ட வரிகளுமே.

பெரியவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் பழமும் காய்கறியும் உண்ண வேண்டும் என்றும், உணவிலிருந்து இயற்கையாகக் கிடைக்கும் நார்ச்சத்து 25 கிராமாவது இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இவ்வளவு என்று மனத்தில் பதிய, 400 கிராமை ஒரே ஒரு முறை தராசில் நிறுத்துப் பார்த்துவிடுங்கள். அதன்பின் கண்ணளவே போதும்.

சேர்க்காதீர்கள், மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விதியை மட்டும் நினைவில் கொள்ள முடியுமென்றால், அது இதுவாக இருக்கட்டும்: புதிதாக வரும் ஒவ்வொரு தாவர உணவும் ஏதாவது ஒன்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். வழக்கமாக உண்ணும் பிஸ்கட்டையும் உண்டுவிட்டு, உடம்புக்கு நல்லது என்று ஆப்பிளையும் உண்டால், எடையைப் பொறுத்தவரை நடந்தது 95 கிலோகலோரிச் சேர்க்கைதான். பிஸ்கட்டின் இடத்தில் ஆப்பிள் வந்தால் கணக்கு மாறுகிறது. பிஸ்கட்டில் 100 கிராமுக்குச் சுமார் 450 முதல் 500 கிலோகலோரி உண்டு. தோலுடன் கூடிய ஆப்பிளில் அதே 100 கிராமுக்கு 52 கிலோகலோரிதான்.

பானங்களில் இந்த மாற்றம் இன்னும் எளிது. ஒரு கோப்பைத் தேநீரில் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை போட்டால் ஏறத்தாழ 32 கிலோகலோரி. நாளுக்கு மூன்று கோப்பை என்றால் கிட்டத்தட்ட 100. தேநீரின் ஃபிளேவனாய்டுகள் சர்க்கரை இல்லாமலும் அப்படியே இருக்கின்றன. சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்துவது பெரும்பாலும் நிலைப்பதில்லை; இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரைத் தேக்கரண்டி குறைத்து வந்தால், நாக்கு அதற்கேற்பப் பழகிக்கொள்ளும்.

பழச்சாற்றை நான் பழத்தின் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு தம்ளர் ஆப்பிள் சாறு தரும் கலோரி ஒரு முழு ஆப்பிளைவிடக் கூடுதல். நார்ச்சத்தோ ஏறத்தாழ இல்லை. ஆப்பிளை மென்று உண்ணச் சில நிமிடங்கள் ஆகும், சாறு சில விநாடிகளில் இறங்கிவிடும். முதலில் குறிப்பிட்ட 2011 ஆய்வில், பழத்தைக் கூட்டியவர்களின் எடை குறைவாக ஏறியது. பழச்சாற்றைக் கூட்டியவர்களின் எடை சற்று அதிகமாகவே ஏறியது. உலர்ந்த பழங்களிலும் எச்சரிக்கை தேவை. 100 கிராம் திராட்சைப் பழத்தில் சுமார் 70 கிலோகலோரி; அதுவே உலர்திராட்சையானால் 300.

மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். முதல் மாதத்தில் மாலை நேரத் தின்பண்டத்தின் இடத்தில் பழம்; அது யோசிக்காமலே நடக்கத் தொடங்கிய பிறகு அடுத்தது. நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும், வாயு சேரும். அந்தத் தொல்லையாலேயே நல்ல பழக்கங்கள் பல இரண்டாம் வாரத்தில் கைவிடப்படுகின்றன. சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டுவதும், தண்ணீரைச் சேர்த்துக் கூட்டுவதும் இதைத் தவிர்க்கும்.

எவற்றைத் தேர்ந்தெடுப்பது

நிறமே நல்ல வழிகாட்டி. கருநீலத் திராட்சை, ஸ்ட்ராபெர்ரி, புளூபெர்ரி, செர்ரி, ஊதா முட்டைக்கோஸ், கத்தரிக்காயின் தோல் ஆகியவற்றில் ஆந்தோசயனின் உண்டு. பெர்ரி வகைகள் கிடைக்காத இடத்திலும் காலத்திலும் ஊதா முட்டைக்கோஸ் மிகச் சிறந்த மாற்று. பல நாள் கெடாமல் இருக்கும், கலோரி மிகக் குறைவு, சேர்மத்தின் அளவில் பெர்ரிகளுக்கு இளைத்ததில்லை. உறைய வைத்த பெர்ரிகளைத் தாராளமாக வாங்கலாம். உறைநிலையில் ஆந்தோசயனின் பெருமளவு காக்கப்படுகிறது. சர்க்கரை சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் உறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெங்காயம், ஆப்பிள், தேநீர் ஆகியவை குவெர்செட்டின் போன்ற ஃபிளேவனால்களைத் தருகின்றன. ஆரஞ்சு வகைப் பழங்களின் ஃபிளேவனோன்கள் சுளையைச் சுற்றியுள்ள வெண்ணிற நாரிலும் சவ்விலும் அதிகம். சுளையைச் சுத்தமாக உரித்தெடுப்பவர்கள் அதைத்தான் குப்பையில் போடுகிறார்கள். கறுப்பு, சிவப்பு நிறப் பயறுகளின் தோலிலும் பாலிஃபீனால்கள் உண்டு. பயறுகள் நார்ச்சத்தும் புரதமும் தந்து பசியை நீண்ட நேரம் தாங்குவதால், எடையைக் கருதுபவர்களுக்கு இவை மிகவும் உகந்தவை. கோகோவில் ஃபிளேவனாய்டு வகைச் சேர்மங்கள் ஏராளம் என்பது உண்மைதான். ஆனால் கரிய சாக்லேட்டில் 100 கிராமுக்கு 550 கிலோகலோரிக்கு மேல் இருக்கும். காரப்பொருள் (அல்கலி) கொண்டு பதப்படுத்திய கோகோவில் அந்தச் சேர்மங்களும் பெருமளவு அழிந்துவிடுகின்றன. எடையைக் காக்கும் உணவாகச் சாக்லேட்டை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சமையலில் இழக்காமல் இருக்க

வெங்காயத்தை உரிக்கும் முறையைச் சற்றுக் கவனியுங்கள். காய்ந்த தோலை வேகமாக இழுக்கும்போது, அதை ஒட்டியிருக்கும் முதல் சதைப்பற்றான அடுக்கும், சில நேரம் இரண்டாம் அடுக்கின் பாதியும் கூடவே வந்துவிடுகின்றன. குவெர்செட்டின் அதிகம் உள்ளவை அந்த வெளியடுக்குகள்தான். உள்ளே போகப்போக அது குறைந்துகொண்டே போகிறது. மேல் முனையையும் வேர்ப்பகுதியையும் மெல்லியதாக அரிந்து, தோலின் மேல் நீளவாக்கில் ஒரு லேசான கீறல் போட்டால், காய்ந்த தோல் மட்டும் தனியே கழன்று வரும். ஆப்பிளையும் பேரிக்காயையும் நன்றாகக் கழுவித் தோலோடு உண்பதற்கும் இதே காரணந்தான்.

ஊதா முட்டைக்கோஸை நீரில் வேகவைத்தால், சில நிமிடங்களில் நீர் கருநீலமாகிவிடும், இலைகளோ வெளிறிவிடும். இலையை விட்டு வெளியேறிய ஆந்தோசயனின்தான் அந்த நீலம். அந்த நீரைக் கொட்டினால் எதற்காக அந்தக் காயை வாங்கினோமோ அதைக் கொட்டியதாகும். பச்சையாக மெல்லியதாக நறுக்கி, எலுமிச்சைச் சாறு பிழிந்து உண்பது நல்லது. புளிப்பு பட்டதும் நிறம் பளிச்சென்று இளஞ்சிவப்பாக மாறும், அமிலத்தில் ஆந்தோசயனின் நிலைத்து நிற்கும். சமைத்தே ஆக வேண்டுமென்றால், ஆவியில் குறைந்த நேரம் வேகவைப்பது, மிகக் குறைந்த நீரில் மூடி வதக்குவது, அல்லது வெந்த நீரோடு சூப்பாக்கிக் குடிப்பது ஆகிய மூன்றில் ஒன்றைச் செய்யுங்கள். காய்கறிக்குச் சமையல் சோடா போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். காரத்தன்மை இந்தச் சேர்மங்களைச் சிதைக்கிறது.

தக்காளி, கேரட் போன்றவற்றில் உள்ள கரோட்டினாய்டுகளின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அவை நீரில் கரைவதில்லை. வெந்து, சிறிது எண்ணெயும் சேரும்போதுதான் உடலில் நன்றாகச் சேரும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும், அதுவே 40 கிலோகலோரி. தேயிலையை வெந்நீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊற விடுங்கள். உடனே வடித்துவிட்டால் சேர்மங்கள் போதுமான அளவு இறங்குவதில்லை.

மாத்திரைகளைப் பற்றி

பழத்தில் உள்ள சேர்மம்தானே, அதையே மாத்திரையாக விழுங்கினால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். என் பதில் வேண்டாம் என்பதே. பச்சைத் தேயிலைத் தயாரிப்புகள் எடையைக் குறைக்கின்றனவா என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012-இல் தொகுத்துப் பார்த்தபோது, கிடைத்த எடைக்குறைவு மருத்துவ முக்கியத்துவம் இல்லாத அளவுக்குச் சிறிதாகவே இருந்தது. பச்சைத் தேயிலையின் முக்கியச் சேர்மமான ஈஜிசிஜியை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ மாத்திரையாக உட்கொள்வது கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகளை உயர்த்துகிறது என்று 2018-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தெரிவித்தது. சாதாரணமாகக் காய்ச்சிக் குடிக்கும் தேநீர் பொதுவாகப் பாதுகாப்பானது என்றும் அதே அறிக்கை கூறியது.

இன்னும் கடுமையான பாடம் ஒன்று 1994-இல் ஃபின்லாந்திலிருந்து வந்தது. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுத்தால் புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்ற நம்பிக்கையில் 29,133 ஆண்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடத்தப்பட்டது. மாத்திரை உட்கொண்டவர்களிடம் அந்தப் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாக ஏற்பட்டது. எடையோடு நேர்த் தொடர்பில்லாத ஆய்வாக இருந்தாலும், எடை குறைப்புக்கென விற்கப்படும் ஒவ்வொரு சாற்றுப்பொருளின் விளம்பரத்தைப் பார்க்கும்போதும் இதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டியவர்கள்

கிரேப்ஃப்ரூட் பழம் சிலவகைக் கொழுப்பு மருந்துகளின் அளவையும் இரத்த அழுத்த மருந்துகளின் அளவையும் உடலில் ஆபத்தான அளவுக்கு உயர்த்திவிடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர்கள் கீரையை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைப் பாதிப்பதால், உண்ணும் அளவு நாளுக்கு நாள் பெரிதும் மாறக் கூடாது. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் பழங்களிலும் கீரைகளிலும் உள்ள பொட்டாசியம் தீங்காகலாம். இரும்புச்சத்துக் குறைபாடு உள்ளவர்கள் உணவோடு சேர்த்துத் தேநீர் குடிக்க வேண்டாம். தேநீரின் பாலிஃபீனால்கள் தாவர உணவிலுள்ள இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது.

எடையைக் கவனிக்கும் முறை

வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பின், உண்பதற்கு முன், ஒரே எடைக்கருவியில் எடை பாருங்கள். உடலில் நீர் ஏறி இறங்குவதாலேயே ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கிலோ மாறும். ஆகவே ஒரு நாளின் எண்ணை வைத்து மகிழவோ வருந்தவோ எதுவும் இல்லை. மாதச் சராசரியை எழுதி வைத்து, இந்த ஆண்டின் ஒரு மாதத்தைச் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். இடுப்பளவையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை குறித்துக்கொள்ளலாம்.

எடை ஏறாமல் நின்றிருந்தால் இந்த முறை தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்; குறைந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஓராண்டு கழித்தும் ஏறியிருந்தால், பழத்தின் அளவைக் கூட்டுவதற்கு முன், தொடக்கத்தில் எழுதிய அந்த ஒரு வாரக் குறிப்பை மீண்டும் எழுதிப் பார்த்து, வட்டமிட்ட வரிகள் உண்மையிலேயே குறைந்திருக்கின்றனவா என்று சரிபாருங்கள். சேர்த்தவை நிலைத்திருக்க, விலக்கியவை திரும்பி வந்துவிடுவதுதான் பெரும்பாலும் நடப்பது. மாறாக, நீங்கள் முயலாமலேயே ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் உடல் எடையில் 5 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்திருந்தால், அதை உணவு மாற்றத்தின் வெற்றியாக எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரைப் பாருங்கள்.